கொச்சிக்கடைக்குப் பதின்மூன்று பாண்

மார்ச் 9, 2025, ஞாயிறு

இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்தை விட்டு வெளியே வரும்போது இரவு ஒன்பது மணி. தூத்துக்குடிப் புழுக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே பணம் மாற்றியபோது இந்திய ரூபாய் ஒன்றுக்கு மூன்றரைக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தார்கள். கத்தையை எண்ணி வாங்கியபோது கொஞ்ச நேரம் பணக்காரனாக இருந்தேன். கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு டாக்சி ஐயாயிரம் என்றதும் பழைய ஆளாகிவிட்டேன். நாலாயிரத்து ஐந்நூறுக்குப் படிந்தது.

ஓட்டுநர் சிங்களவர். தமிழில் அவருக்கு மூன்று சொல் தெரியும். சிங்களத்தில் எனக்கு அதுவும் தெரியாது. அவர் ‘ஹரி ஹரி’ என்று சொல்லிக்கொண்டே வந்தது நம்முடைய ‘சரி சரி’தான் என்று புரிய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. கண்ணாடிக்குக் கீழே சின்னதாக ஒரு புத்தர், பக்கத்திலேயே குழந்தை இயேசுவைக் கையில் வைத்திருக்கும் அந்தோனியார் படம். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டார். தன் நெஞ்சைத் தொட்டு “புத்திஸ்ட்” என்றார். பிறகு படத்தைத் தொட்டு “டியூஸ்டே, டியூஸ்டே” என்றார்.

அந்த டியூஸ்டேக்காகத்தான் நானும் வந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி போன ஆகஸ்டில் இறந்துபோனாள். கணையத்தில் புற்று, கண்டுபிடித்ததிலிருந்து ஏழு மாதம். அவள் தூத்துக்குடி ஆர்.சி., கத்தோலிக்கப் பெண். நான் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட். எங்கள் வீட்டில் கரண்ட் போனால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். நேர்ச்சை, நவநாள் ஜெபம், சுரூபம் என்கிற சிலை எல்லாம் அவள் கொண்டுவந்த சீதனம். அவளுடைய தாத்தா கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கெழுதியவர். ஊர் திரும்பும்போது அவர் கொண்டுவந்த கொச்சிக்கடை அந்தோனியார் படம், ஓரமெல்லாம் செல்லரித்து, இன்றும் எங்கள் அலமாரிக்கு மேலே இருக்கிறது. படுக்கையில் கிடந்தபோது அதைப் பார்த்துத்தான் நேர்ந்துகொண்டாள்: குணமானால் கொழும்பில் இருக்கும் அந்தக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கே வந்து பதின்மூன்று ஏழைகளுக்குப் பதின்மூன்று பாண் கொடுப்பதாக. ரொட்டி என்றுகூடச் சொல்லவில்லை. தாத்தா வாயில் கேட்ட ‘பாண்’தான். அந்தோனியார் திருநாள் ஜூன் 13, அவருக்குப் பதின்மூன்று செவ்வாய் பக்தி, அதனால் பதின்மூன்று.

குணமாகவில்லை.

உப்பளத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதியவன் நான். சரக்கு வந்து சேரவில்லை என்றால் பில்லுக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. அப்படிப் பார்த்தால் இந்த நேர்ச்சை என்றைக்கோ ரத்து. ஆனால் பீரோவை ஒதுக்கும்போது அவளுடைய பாஸ்போர்ட் கையில் வந்தது. இந்தப் பயணத்துக்காகவே எடுத்தது. ஒரு முத்திரைகூட விழாமல் புதுசாக இருந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டேன். ஏன் போகிறீர்கள் என்று மகள் கேட்டாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். யாரிடம், என்ன கேள்வி என்று அவள் மேற்கொண்டு தோண்டவில்லை, நல்லவேளை.

தங்கல், மனைவிக்குச் சின்னம்மா முறையுள்ள ஒருவர் வீட்டில். எனக்கு அத்தை. எழுபத்தாறு வயது. இதுவரை போனில் மட்டும் பேசியவர்கள். எங்கள் கல்யாணத்தின்போது யுத்த காலம், அவரால் வர முடியவில்லை. “வாங்க மருமகன்” என்றவர், எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். இன்னொருவர் வருவது போல. பிறகு சட்டென்று உள்ளே போய்ப் பருப்பைச் சூடாக்கினார். பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல், பாரை மீன் குழம்பு. சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருந்தார். காரம் காதுவரை போனது.

மார்ச் 10, திங்கள்

காலையில் இடியப்பமும் சொதியும். நம் ஊரில் சொதி என்றால் திருநெல்வேலிக் கல்யாண வீட்டு மறுநாள் விருந்து. இங்கே அது தினசரி, இன்னும் தண்ணீராக, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையுமாக. ஐந்து இடியப்பம் சாப்பிட்டபின் அத்தை “ஒண்ணுமே சாப்பிடல தானே” என்றார்.

செவ்வாய் நாளைக்குத்தான். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் புறக்கோட்டைக்குப் போனேன். அங்கே நடப்பது என்று தனியாக ஒன்று கிடையாது. பின்னால் வருகிறவர் தள்ளுகிற வேகத்தில் முன்னால் போகிறோம். மூட்டை தூக்குகிறவர்களை இங்கே நாட்டாமி என்கிறார்கள். நம் ஊர் நாட்டாமை ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். இவர்கள் நூறு கிலோ வெங்காயத்தைக் கைவண்டியில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். செட்டியார் தெருவில் நகைக்கடை, கோயில் மணி, நம் ஊர்ப் பாட்டு. இரண்டு தெரு தள்ளி செங்கலும் வெள்ளையும் வரிவரியாக அடித்த அந்தச் சிவப்புப் பள்ளிவாசல். படம் எடுக்க அண்ணாந்தபோது செருப்பு வார் அறுந்தது.

நடைபாதையில் குடை கட்டி ஒரு செருப்புத் தைக்கிறவர் இருந்தார். சிங்களம் மட்டும். என் செருப்பை வாங்கிக்கொண்டு, தார் சுடுமே என்று தன் செருப்பைக் கழற்றி என் காலடியில் தள்ளினார். அவர் வெறுங்காலோடு உட்கார்ந்து தைத்தார். நூறு ரூபாய். இருநூறு கொடுத்தேன், மீதி நூறை என் சட்டைப்பையில் அவரே வைத்து, பையைத் தட்டிவிட்டார்.

பிறகு மேட்டில் ஏறி வுல்வெண்டால் ஆலயம். டச்சுக்காரர்கள் 1749இல் தொடங்கி 1757இல் பிரதிஷ்டை செய்த சீர்திருத்தச் சபைக் கோயில். சிலுவை வடிவம், கோட்டை மாதிரிச் சுவர், உள்ளே சுரூபம் எதுவும் இல்லை. எனக்கு வீட்டுக்கு வந்தது போல இருந்தது. தரையில் டச்சு ஆளுநர்களின் கல்லறைக் கற்கள், கேடயமும் மண்டையோடுமாகச் செதுக்கியவை. குளிர்ச்சியான இடம். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல முடியாது. ஏழு மாதமாக எனக்கு வருவது ஜெபம் இல்லை, 73ஆம் சங்கீதத்தின் முதல் பாதி. துன்மார்க்கருடைய வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று ஆசாப் சொல்லும் பகுதி. அவர்களுக்கு நோவு இல்லை, உடம்பு கொழுத்திருக்கிறது, நான் வீணாகத்தான் என் இருதயத்தைச் சுத்தமாக வைத்திருந்தேன் என்று புலம்புகிறான். எனக்கு அதில் ஒரு குறிப்பிட்ட ஆள் ஞாபகம் வருவார். என் கண்ணெதிரே எடைச்சீட்டை மாற்றி எழுதிச் சம்பாதித்தவர். எழுபத்தெட்டு வயதில் கடற்கரையில் கைவீசி நடக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவேண்டாம். ஆனால் அவரைப் பார்க்கும் காலை நேரங்களில் எனக்கு நெஞ்சு எரியும். இதே சங்கீதத்தில் ஆசாப் பின்பாதியில் தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போய்த் தெளிவடைகிறான். நானும் இதோ உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

மதியம் கோழிக் கொத்து ரொட்டி, 900 ரூபாய். தகட்டில் இரண்டு இரும்புகளால் அடிக்கிற சத்தத்திலேயே பாதிப் பசி தீரும். தட்டு இரண்டு பேருக்கானது. பழக்கத்தில் முழுசாகச் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது ஒரு த்ரீவீல் பிடித்தேன். ஓட்டியவர் ஹட்டன் பக்கத்துத் தமிழர், அன்பானவர், ஊர் கேட்டு, பிள்ளைகள் கேட்டு, அப்புறம் மனைவி கேட்டார். சொன்னேன். “அண்ணன், கோவிச்சுக்க வேணாம். விசுவாசம் முழுசா இருந்திருந்தா சுகம் கிடைச்சிருக்கும். எங்க சபையில ஒருத்தருக்கு நாலாவது ஸ்டேஜ், இப்ப நல்லா இருக்கார்” என்றார்.

இதே வாக்கியத்தை ஊரில் ஒரு ஊழியக்காரர் என் மனைவியின் கட்டில் பக்கத்தில் நின்று அவளிடமே சொன்னார். அவர் போனபிறகு அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நோய் ஒரு பக்கம். அது போதாது என்று தன் விசுவாசத்தை எடைபோட்டுப் பார்க்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. அந்த ஊழியக்காரரிடம் கேட்கத் தவறியதை இந்த அப்பாவி மனிதரிடமும் கேட்கவில்லை. “இங்கேயே நிறுத்துங்க” என்று முந்நூற்றைம்பதை நீட்டி இறங்கிவிட்டேன்.

இறங்கி நூறு அடி போனதும் இடி இடித்தது. குடை த்ரீவீலுக்குள்ளேயே போய்விட்டது.

கொழும்பில் மார்ச் மாத மாலை மழை தூறலாகத் தொடங்குவதில்லை. வாளியோடு கவிழ்க்கிறார்கள். கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் கணுக்கால் தண்ணீரில், புதிதாகத் தைத்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். அத்தை துண்டை நீட்டினார். “தொலைஞ்ச சாமானுக்கு அந்தோனியார் தானே. ஒரு வார்த்தை சொல்லுங்க, குடை வந்திரும்.”

“ஆளையே திருப்பித் தராதவர் குடையையா தரப்போறார்?”

யோசித்துச் சொன்னதில்லை. வாயை விட்டுப் போய்விட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். முழு மூடியும் முடிந்தது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே சொன்னார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொச்சிக்கடையில் வழக்கமாகப் போகிற காலைப் பூசை. அன்றைக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் போகவில்லை. அடுத்த வீட்டுப் பெண், இவரிடம் “நான் உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர், வரவில்லை. ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததாம்.

“அப்புறம் எல்லாரும் வந்து, கடவுள் உங்கள காப்பாத்திட்டார் எண்டு சொன்னாங்க. பாதரும் சொன்னார். எனக்குச் சரியான கோவம். என்னைக் காப்பாத்தினார் எண்டா அவளை என்ன செஞ்சார்? அவளுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எனக்கு முழங்கால் வருத்தம் மட்டும் தான்.”

83இல் கலவரத்தில் வீடு எரிந்து, கட்டின சேலையோடு முகாமில் இருந்தவர் இந்த அத்தை. அதைச் சொல்லும்போது கூடக் குரல் இவ்வளவு ஏறவில்லை. எரித்தவர்களைத் தெரியும், அதனால் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருந்தது என்றார். இதற்கு இடம் தெரியவில்லையாம்.

அந்த ஒரே காலையில் மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள். கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன். இறந்தவர்கள் 260க்கு மேல். உளவுத் தகவல் முன்கூட்டியே வந்தும் தடுக்கவில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. காசைப் பற்றி அத்தைக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஏன் என்றுதான் கேட்கிறார்.

படுத்தபின் லூக்கா 13 ஞாபகம் வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே சொல்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதை மட்டும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். மனந்திரும்புங்கள் என்கிறார். கணக்குப்பிள்ளைக்கு இது பதிலாகாது. ஆனால் விசுவாசம் போதவில்லை என்கிற அந்தப் பதில் பொய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம் என்று தோன்றியபோது, த்ரீவீல்காரர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. குடை போனதுதான் மிச்சம்.

மார்ச் 11, செவ்வாய்

காலை ஆறரைக்குச் சந்துக்குள் ஒரு மேல்நாட்டு மெட்டு ஒலித்தது. யாருடைய போனோ அடிக்கிறது என்று நினைத்தேன். பாண் வண்டியாம். மூன்று சக்கர வண்டிக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், மீன் பணிஸ், சீனி பணிஸ். மெட்டைக் கேட்டதும் வீடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சூன் பாண் என்கிறார்கள். பதின்மூன்று இறாத்தல் பாண் கேட்டேன். பையன் எண்ணிப் பார்த்து ஒன்பதுதான் என்றான். “வீட்ல விசேஷமா அங்கிள்?” ஆமாம் என்றேன். மீதி நான்கு, முனையில் இருந்த பேக்கரியில். ஒன்று 140, மொத்தம் 1820 ரூபாய். நம் பணத்தில் ஐந்நூற்றுச் சொச்சம். ஓர் உயிருக்காக நேர்ந்துகொண்டதன் விலை இவ்வளவுதான் என்று பையைத் தூக்கும்போது தோன்றியது. கனமே இல்லை.

கொச்சிக்கடை ஆலயம் துறைமுகத்தை ஒட்டியது. தெருவின் கோடியில் ராட்சசப் பளுதூக்கிகள் தெரிகின்றன. டச்சுக்காரர் காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கொச்சியிலிருந்து வந்து ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ என்ற குருவிடம் இங்கிருந்த மீனவர்கள், கடல் ஊரை அரிக்கிறது, ஏதாவது செய்யும் என்று கேட்டார்களாம். அவர் கரையில் சிலுவை நட்டு ஜெபிக்க, கடல் பின்வாங்கி மணல்திட்டு எழுந்ததாம். அதுதான் இந்த இடம். என் சீர்திருத்தச் சபை மூளை இதையெல்லாம் ‘ஆம்’ விகுதியோடுதான் ஏற்கும். ஆனால் மனைவி இதைச் சொல்லும்போது ‘ஆம்’ இருக்காது.

வாசலில் சோதனை. 2019க்குப் பிறகு பை திறக்காமல் உள்ளே போக முடியாது. காவலுக்கு நின்ற இளைஞர் என் பையைத் திறந்தார். பாண். அடுத்த பையைத் திறந்தார். அதிலும் பாண். ஒன்றைத் தூக்கி அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். நான் அந்தோனியார் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். “ஹரி, ஹரி” என்று சிரித்து விட்டுவிட்டார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பொட்டு வைத்தவர்கள், வெள்ளைச் சேலைக்காரப் பௌத்தப் பாட்டிகள், தலைக்கு முக்காடிட்ட கத்தோலிக்கர்கள், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் பெண்கள். தமிழும் சிங்களமும் ஒரே வரிசையில். வெடித்து இரண்டு மாதம் ஆகும் முன்பே, 2019 ஜூன் 12 அன்று, திருநாளுக்கு முந்தின நாள், இதைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். இப்போது தெரியாதவன் பார்த்தால் இங்கே எதுவும் நடந்ததாகத் தெரியாது. பெயர்கள் பொறித்த நினைவுக் கல் ஒன்று இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வரும் இடங்களில் என் விரல் நின்றது.

வரிசை மெதுவாகப் போனது. கண்ணாடிக்குள் அந்தோனியார். ஒவ்வொருவரும் கண்ணாடியில் கை வைத்து, நெற்றியை வைத்து, உதடு அசைய என்னவோ சொல்கிறார்கள். எனக்கு முன்னால் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா. அவர் முறை வந்ததும் திரும்பி, “தம்பி, இதைக் கொஞ்சம் புடிங்க” என்று பூப்போட்ட குடை ஒன்றை என் கையில் திணித்தார். ஒரு கம்பி வளைந்திருந்தது. இரண்டு கையும் காலியானதும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கும்பிடவில்லை. திட்டினார். “என்ன பாக்கிற? போன கிழமையும் இதத்தான் சொன்னேன். கேட்டியா நீ? கேக்கல. இந்தக் கிழமையும் வந்திருக்கேன், பாரு நல்லா.” பிறகு கடகடவென்று சிங்களம். அது எனக்குப் புரியவில்லை, ஆனால் வீட்டு மருமகனைத் திட்டுகிற ராகம் எந்த மொழியிலும் ஒன்றுதான். கடைசியாகக் கண்ணாடியை உள்ளங்கையால் ஒரு தட்டு. அப்புறம் அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கவாட்டு வழியாகக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

குடை என் கையில். கூப்பிடலாம் என்றால் பெயர் தெரியாது. பின்னாலிருந்தவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள்.

கேட்க வேண்டும் என்று ஏழு மாதம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கேள்வி ஒன்றும் வரவில்லை. ஒரு கையில் பாண் பை, ஒரு கையில் யாருடைய குடையோ. “பாண் கொண்டுவந்திருக்கேன்” என்றேன். “அவ அனுப்பினா.” அவ்வளவுதான். பின்னாலிருந்தவர் முழங்கையால் இடித்தார்.

வெளியே மெழுகுவர்த்தி மேடையில் ஒன்றை ஏற்றினேன். கரண்ட் இருக்கும்போதே. உருகின மெழுகு விரலில் கொட்டி இன்னும் சிவந்திருக்கிறது.

குடைக்காரம்மாவை வாசலில் அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை. பாண் கொடுக்கத் தொடங்கினேன். ஏழைகளைத் தேர்ந்தெடுப்பது நான் நினைத்ததைவிடச் சங்கடமான வேலை. சிலர் வாங்கி முந்தானைக்குள் வைத்தார்கள். ஒருவர் “பட்டர் இல்லையா?” என்று கேட்டார். ஒரு பாட்டி என் தலையில் கை வைத்து என்னவோ சொன்னார், நீளமாக. பதின்மூன்றாவது ஆள் சுவரில் சாய்ந்திருந்த பெரியவர். பாணைப் பார்த்தார், கையை ஆட்டினார். “எனக்குச் சுகர், தம்பி. பாண் கூடாது. டொக்டர் சொல்லிட்டார்.” நூறு ரூபாய் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டார். நேரமாகிவிட்டது, வெயில் வேறு. பன்னிரண்டோடு நின்றது.

மார்ச் 12, புதன்

பதின்மூன்றாவது பாண் மேசையில் இருக்கிறது. நேர்ச்சைப் பொருளை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரலாமா என்று அத்தையிடம் கேட்டேன். ஆர்.சி. சட்டதிட்டம் எனக்குத் தெரியாதே. “எனக்குப் பென்ஷன் கிடையாது. நானும் ஏழை தானே. தாங்க இங்க” என்று வாங்கிக் கத்தியால் நறுக்கினார். காய்ந்திருந்தது. முட்டையில் தோய்த்துப் பொரித்தார். இரண்டு துண்டு எனக்கும் வந்தது. அவள் கடைசி மாதம் எதுவும் சாப்பிட முடியாமல் கிடந்ததைப் பற்றி முதல்முறையாக ஒருவரிடம் விவரமாகச் சொன்னேன். அத்தை “ம்” கொட்டினார், பைபிள் வசனம் எதுவும் சொல்லவில்லை.

இதை நான் பெரிதாக நினைக்கிறேன். அடக்கத்தன்று குறைந்தது நாற்பது பேர் என் கையைப் பிடித்து “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்றார்கள். யோபு சொன்னதுதான், ஆனால் முதல் அதிகாரத்தில். மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். அதற்குப் பிறகு முப்பது அதிகாரத்துக்கு மேல் வழக்கு. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொள்வது வாதாடின யோபுவிடம் இல்லை. அவருக்காகப் பரிந்து விளக்கம் சொன்ன நண்பர்களிடம். நாற்பது பேரில் ஒருவராவது மூன்றாம் அதிகாரம்வரை வாசித்திருக்கலாம். 88ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. ‘ஆனாலும்’ என்று ஒரு திருப்பம் வராதா என்று நான் எத்தனை தடவை கடைசி வசனத்துக்கு அப்புறம் பக்கம் புரட்டியிருக்கிறேன். வராது. அப்படியே பைபிளில் விட்டு வைத்திருக்கிறார்கள்.

மாலை காலிமுகத்திடல். அத்தையும் வந்தார், முழங்காலோடு. 2015 ஜனவரி 14 அன்று போப் பிரான்சிஸ் இங்கேதான் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். அத்தை விடியுமுன்பே வந்து இடம் பிடித்ததைக் கையைக் காட்டிச் சொன்னார். அந்த வாஸ், டச்சுக்காரருக்குப் பயந்து கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்து, கண்டியில் உளவாளி என்று சிறையில் கிடந்தவர். 2022 பொருளாதார நெருக்கடியின்போது இதே திடலில்தான் போராட்டக் கூடாரங்கள். “அந்த வருஷம் கேஸும் இல்ல, பால் மாவும் இல்ல, கரண்டும் இல்ல. மெழுகுதிரி தான்” என்றார் அத்தை. அப்படியானால் அந்த வருடம் அவரும் சி.எஸ்.ஐ. என்றேன். அத்தைக்கு ஜோக் விளங்க ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார்.

இஸ்ஸோ வடை 150 ரூபாய். பருப்பு வடையின் தலையில் முழு இறால், மேலே வெங்காயமும் மிளகாய்ச் சாறும். இரண்டு சாப்பிட்டேன். காற்றில் உப்பு வாசனை. எங்கள் உப்பள வாசனை இல்லை அது, கொஞ்சம் ஈரம் அதிகம்.

மார்ச் 13, வியாழன், போயா

பௌர்ணமியைத்தான் இங்கே போயா என்கிறார்கள், பௌத்தர்களின் விடுமுறை நாள். கடைகள் பாதி மூடல், மதுக்கடை முழு மூடல், தெருவில் வெள்ளை உடுத்தியவர்கள் பூத்தட்டோடு. முதல் நாள் ஐயாயிரம் கேட்ட தூரத்துக்கு இன்றைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு, போயா என்று காரணம். பேரம் பேசத் தெம்பில்லை.

அத்தை மாசிக் கருவாடும் சம்பல் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். பூப்போட்ட குடையை அவரிடமே விட்டேன். அந்த அம்மாவின் அடையாளம் சொன்னேன்: வளைந்த மூக்குக்கண்ணாடி, பச்சைச் சேலை, அந்தோனியாரைத் திட்டுவார். “அப்படி நிறையப் பேர் வருவாங்களே” என்றார். அடுத்த செவ்வாய் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. வாசலில் நின்று, “குடை கேட்டீங்க, குடை வந்திச்சு தானே” என்றார். நான் கேட்கவே இல்லை, வந்ததும் என்னுடையது இல்லை, விலாசம் மாறின பார்சல் என்றேன். “அது அவருக்கு வயசாயிட்டு” என்றார் அத்தை.

குடியகல்வு அதிகாரி என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். சட்டைப்பையில் இன்னொரு பாஸ்போர்ட் இருந்தது. அதை ஏன் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய், தூத்துக்குடி

மகள் சம்பலைச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீருக்கு ஓடினாள். கேள்வி கேட்டீங்களா என்றாள். இல்லை, அங்கே கூட்டம் என்றேன்.

இரவு ஒன்பது மணிக்கு அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. பின்னணியில் மழைச் சத்தம். “மருமகன், காலையில இருந்து ரெண்டு மணி வரைக்கும் குடையோட வாசல்ல நிண்டேன். மூணு பச்சைச் சேலை வந்திச்சு. ஒண்ணும் அவ இல்ல. பரவாயில்ல. வாற செவ்வாயும் போறேன்.”